நிலக்கரி ஏற்றும் வரைக்கும்

தம்பியின் மகள் திருச்சியிலிருந்து வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். "பெரியப்பா, ரெண்டு நைட், மூணு நாள். கொழும்புக்கு இது சரியா வருமா?" கோட்டையில் ஒரு பழைய ஹோட்டல், மாணிக்கக்கல் கடை, கறுவாத்தோட்டத்தில் மியூசியம், கல்கிசைக் கடற்கரையில் மத்தியானச் சாப்பாடு, முடிந்தால் ரயிலில் கண்டி போய்வருவது. வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை ஏதோ புதிதாகத் தேடிக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பட்டியலைப் போட்டது நிலக்கரி.

கோட்டையில் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்தவன் நான். (கந்தோர் என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப்போனது. ஆபீஸ் என்றால் எங்களுக்கு இன்னும் வாய் வராது.) நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிலக்கரிக் கப்பல்களின் காலம் முடிந்து கனகாலம். ஆனால் அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர்கள் இரண்டு பேர் கந்தோரில் மிச்சம் இருந்தார்கள். கதை அவர்களிடம் கேட்டதில் தொடங்கியது. பிறகு நானாகவும் வாசித்தேன்.

1869-இல் சுயெஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் சீனாவுக்கும் போகிற நீராவிக் கப்பல்கள் இலங்கையில் நின்று கரி ஏற்றும். அப்போது அவை நின்ற இடம் கொழும்பு அல்ல, காலி. கொழும்பு துறைமுகம் என்று சொன்னாலும் திறந்த கடல்தான். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் கப்பல் தூரத்தில் ஆடிக்கொண்டு நிற்கும், படகில் இறங்குவதே உயிர்ப்பயம். 1875 டிசம்பரில், இந்தியச் சுற்றுப்பயணத்தின் நடுவே வந்த வேல்ஸ் இளவரசரைக் கொண்டு இங்கே அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். பத்து வருடத்தில் தென்மேற்குச் சுவர் முடிந்தது. அது முடியும் முன்பே பி அண்டு ஓ கம்பெனி 1882-இல் காலியைக் கைவிட்டு இங்கே வந்துவிட்டது. ஒரு சுவரால் காலி தூங்கியது, கொழும்பு விழித்தது.

கரி ஏற்றுவது எப்படி என்று அந்தப் பெரியவர்களில் ஒருவர் கையால் ஆட்டிக் காட்டுவார். கரிப் படகுகள் கப்பலின் இரண்டு பக்கமும் ஒட்டி நிற்கும். பலகை போட்டு, ஆள் பின்னால் ஆளாக, மூட்டை முதுகில். அவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், எங்கள் மொழி பேசியவர்கள். கரித்தூள் கப்பல் முழுக்கப் பரவும். அதனால் அறைகளின் வட்டச் சன்னல்களை எல்லாம் இறுக மூடிவிடுவார்கள். கொழும்பு வெக்கையில் சன்னல் மூடிய இரும்பு அறைக்குள் எந்தத் துரைசானி இருப்பாள்? பயணிகள் எல்லாரும் கரைக்கு இறங்கினார்கள், ஒரு பகலுக்கோ ஓர் இரவுக்கோ. கரி ஏற்றி முடிந்து கப்பல் ஊதினால் ஓடிவர வேண்டும்.

இந்த ஒன்றிரண்டு நாளை நம்பித்தான் கொழும்பில் ஒரு தொழிலே வளர்ந்தது. இறங்குதுறைக்குப் பக்கத்திலிருந்த பழைய பட்டாளக் கட்டடத்தை மாற்றி 1875-இல் கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலைத் திறந்தார்கள். காலி முகத்திடல் ஹோட்டல் அதைவிட மூத்தது, 1864. வாசலில் ரிக்‌ஷா. ரிக்‌ஷா ஏறினால் கறுவாத்தோட்டம், அங்கே 1877-இல் திறந்த நூதனசாலை. கடலோரமாகத் தெற்கே போனால் கல்கிசை. இரவு தங்க நேரம் இருப்பவர்களுக்குக் கண்டி, ஏனென்றால் 1867-இலேயே ரயில் அங்கே போய்விட்டது. மாணிக்கக்கல் வியாபாரிகளோ ஆள் இறங்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை, பெட்டியோடு கப்பலுக்கே ஏறினார்கள். கப்பல் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க விலை இறங்கும். வாங்குகிறவர் மறுநாள் திரும்பி வரப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்படி ஏமாந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ருஷ்ய எழுத்தாளர் செகாவ். சகலின் தீவில் கைதிகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் 1890 நவம்பரில் இங்கே இறங்கினார். கண்டிக்கும் ரயிலில் போய்வந்தார். கீரி என்று நம்பி வாங்கிக் கப்பலில் ஏற்றியவற்றில் ஒன்று மரநாய் என்பது பின்னால்தான் தெரிந்தது. தொழிலால் மருத்துவர், மிருகத்தில் கோட்டை விட்டார். 1896 ஜனவரியில் மார்க் ட்வைன் ஓர் இரவு தங்கினார். தெருவில் போகிற சனங்களின் உடை நிறங்களில் சொக்கிப்போய், மிஷன் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாட்டியிருந்த ஐரோப்பிய உடுப்பைத் திட்டி எழுதினார். அடுத்த வருடம் ஜனவரி 15-இல் விவேகானந்தர். மேல்நாட்டிலிருந்து திரும்பியவர் கீழைத்தேசத்தில் முதலில் பேசியது இந்த ஊரில்தான். வந்தவர்கள் எல்லாரும் பெரிய ஆட்கள், ஆனால் ஊரில் நின்றது ஒரு சில நாள்.

அரசாங்கமும் இந்தத் தொழிலைக் கையில் எடுத்தது. 1937-இல் சுற்றுலாவுக்கு ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதன் வேலையே கொழும்பில் தொட்டுப்போகும் கப்பல் பயணிகளைக் கவனிப்பதுதான். யுத்தம் வந்து 1940-இல் மூடினார்கள். பிறகு எண்ணெய்க் கப்பல் வந்தது, ஆகாயவிமானம் வந்தது. கரி போய்விட்டது, கரி போட்ட வழித்தடம் மட்டும் போகவில்லை. அதைத்தான் என் பெறாமகள் எனக்கு அனுப்பியிருக்கிறாள்.

எங்கள் ஆட்கள் அந்த இறங்குதுறையால் வந்தவர்கள் அல்ல. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் மதராஸில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறி வந்தார்கள். போட் மெயில் என்றால் திருச்சியிலும் கிழவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. இராமேஸ்வரத்திலிருந்து கொஞ்சக் காலம் கப்பல் ஓடி, 1984-இல் அதுவும் நின்றது. கோட்டை ஸ்டேஷனில் இறங்கியவர்கள் கிராண்ட் ஓரியண்டல் பக்கம் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டேஷனுக்கு எதிரே புறக்கோட்டை, அதைத் தாண்டினால் செட்டியார் தெரு, கதிரேசன் கோயில், ஆடிவேல். வெள்ளைக்காரன் கோட்டையை மட்டும் பார்த்துப் போனான், நாங்கள் புறக்கோட்டையைப் பார்த்தோம். புறக்கோட்டைக்குத்தான் என் வாக்கு.

ஆகவே அவளுக்கு நான் திருத்தி அனுப்பிய திட்டம் இது. கண்டியை வெட்டு. போக வர ஒரு நாள் போய்விடும், மலையைச் சன்னலால் பார்த்ததுதான் மிச்சம். கல்லை வாங்காதே, செகாவை நினைத்துக்கொள்.

முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கான் மணிக்கூண்டடியில் நில். பம்பாய்ப் பார்சிக் குடும்பம் ஒன்று 1923-இல் கட்டிக்கொடுத்தது. அங்கிருந்து மெயின் வீதியால் நட. இடையில் ஒரு மணிக்கோபுரம் வரும், அந்த இடத்துக்குக் கேமன்ஸ் கேட் என்று பெயர். கேமன் என்றால் முதலை. ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை அகழியில் முதலை கிடந்ததால் வந்த பெயர், இப்போது அதைச் சுற்றி மரக்கறி விற்கிறார்கள். பக்கத்துத் தெருவில் சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக 1909-இல் கட்டி முடித்த பள்ளிவாசல், எங்கள் சனத்துக்குச் சம்மான்கோட்டுப் பள்ளி. எல்லாரும் வெளியில் நின்று படம் எடுப்பார்கள். நீ எதிர்ப்பக்கத்துத் துணிக்கடைப் படியில் ஐந்து நிமிடம் இரு. தோளில் துணிக்கட்டோடு "சைட், சைட்" என்று கத்திக்கொண்டு ஒருவன் போவான், அவனுக்கு வழிவிடாத ஆட்டோக்காரனோடு சிங்களத்திலும் தமிழிலும் கலந்து சண்டை பிடிப்பான். எந்த மியூசியத்திலும் கிடைக்காத பாடம் அது.

செட்டியார் தெரு நகைக்கடைகளைக் கடந்து கொச்சிக்கடைக்கு வந்தால் பொன்னம்பலவாணேசர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் தகப்பன் கட்டிய கோயிலை 1907 தொடங்கிக் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். வெளியில் கண்கூசும் வெயில் அடிக்கும்போது உள்ளே கால் வைத்தால் கல் குளிரும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தூணில் கையை வைத்துப் பார். கிட்டத்தில் அந்தோனியார் கோயில். 2019 உயிர்த்த ஞாயிறன்று அங்கே நடந்த குண்டுவெடிப்பு உனக்குத் தெரியும். போய்ச் சத்தமில்லாமல் நின்றுவிட்டு வா.

இரண்டாம் நாள் நூதனசாலைக்குப் போ, வெள்ளைக்காரர் பட்டியலில் இருந்தாலும் போ. கட்டிடக் கொந்தராத்து எடுத்தவர் வாப்பிச்சி மரைக்கார். கட்டிமுடித்தபின் என்ன வேண்டும் என்று தேசாதிபதி கேட்டதற்கு, வெள்ளிக்கிழமை மூடுங்கள் என்றாராம், அப்படி ஒரு கதை உண்டு. உள்ளே சிம்மாசனம் பார்க்கச் சனம் நெரியும். நீ கல்வெட்டுப் பக்கம் போ. சீனக் கடலோடி செங் ஹ கொண்டுவந்த கல் ஒன்று அங்கே நிற்கிறது, 1409-ஆம் ஆண்டுத் தேதி போட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தேனவரை நாயினார் என்ற தெய்வத்துக்கும் பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைக் கணக்கு. 1911-இல் காலியில் ஒரு மதகுக்கு மூடியாகக் குப்புறக் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். தேய்ந்த கல்தான், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போனால் சில எழுத்துத் தட்டுப்படும்.

பின்னேரம் காலி முகத்திடல். கடலோர நடைபாதையைத் தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859-இல் முடித்து, கொழும்பின் பெண்கள் பிள்ளைகள் நன்மைக்காக இதைப் பார்த்துக்கொள்ளும்படி பின்னால் வருபவர்களிடம் ஒப்படைத்ததாகக் கல்லில் வெட்டி வைத்தார். 2022-இல் சனம் கூடாரம் அடித்து ஜனாதிபதியை அனுப்பியதும் இதே திடலில். இறால் வடை வாங்கு, சுடச்சுடப் பொரிப்பவனிடம் மட்டும் வாங்கு. தலைநகரம் பார்த்தேன் என்று ஊரில் போய்ச் சொல்லாதே. சட்டப்படி தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டே, 1982-இலேயே பாராளுமன்றம் அங்கே போய்விட்டது.

எப்போது வருவது என்றும் கேட்டிருந்தாள். மே முதல் செப்டம்பர் வரை சோளகம். துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் கப்பலைக் காப்பாற்றும், குடையைக் காப்பாற்றாது. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை. தை, மாசி நல்லது.

ஒரு விஷயத்தில் நானே கோட்டை விட்டிருக்கிறேன். மதுரையிலிருந்து வந்த சிநேகிதன் குடும்பத்தை ஒருமுறை பெருமையாகப் புறக்கோட்டைக்கு அனுப்பினேன். தெரு முழுக்க இழுத்துவிட்ட ஷட்டர். அன்றைக்குப் பௌர்ணமி, போயா விடுமுறை. அந்த மனுசி இன்றைக்கும் கொழும்பு என்றால் ஷட்டர் ஊர் என்பாள்.

பிள்ளை, கலண்டரில் போயாவையும் ஞாயிறையும் தள்ளிவிட்டு டிக்கெட்டைப் போடு. கட்டுநாயக்கவில் இறங்கியதும் போன் பண்ணு, மணிக்கூண்டடிக்கு நானும் வருகிறேன்.