க்யூ (ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம்)

கிரிஸ் கோவால் எழுதிய க்யூ, ஜாவாஸ்கிரிப்டில் பிராமிஸ் என்ற ஏற்பாட்டை வேரூன்றச் செய்த சிறு நிரலகங்களுள் ஒன்று. இன்னும் வந்து சேராத விடைக்கு ஈடாக ஒரு பொருளைக் கையில் கொடுத்து, விடை வந்ததும் நடக்க வேண்டியதை அதனிடமே சொல்லிவைக்க விடுவது பிராமிஸ். கருத்து க்யூவுக்கு மிக முந்தியது. 1977இல் ஹென்றி பேக்கரும் கார்ல் ஹியூவிட்டும் இதை ஒத்த ஃபியூச்சர் என்ற ஏற்பாட்டைப் பற்றி எழுதினர். 1988இல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரீராவும் பிராமிஸ்களை விளக்கிய ஆய்வுரை வெளிவந்தது. பின்னர் மார்க் மில்லர் முதலானோரின் ஈ என்ற நிரலாக்க மொழியில் அது வளர்ந்தது. அந்த மரபில் வந்த டைலர் குளோசின் நிரலிலிருந்து 2009இல் கிளைத்ததே க்யூ. ஆகவே கோவாலின் பங்கைக் கண்டுபிடிப்பு என்பதைவிட, ஓர் ஒழுங்கைக் கைவிடாமல் காத்தது என்பதே பொருந்தும்.

காக்க வேண்டிய தேவையும் இருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இயக்கச் சூழலான நோட்.ஜேஎஸ் தன் தொடக்கப் பதிப்புகளில் இருந்த பிராமிஸை 2010இன் தொடக்கத்தில் நீக்கிவிட்டு, வேலை முடிந்ததும் அழைக்கப்படும் சார்பான கால்பேக்கையே வழக்கமாக்கியது. பிராமிஸ் எப்படி இருக்க வேண்டும் என்ற தீர்ப்பு அதன்பின் நிரலக ஆசிரியர்கள் கைக்கு வந்தது. பிராமிஸைப் பரப்பியது க்யூ அல்ல, 2011இல் டெஃபர்ட் என்ற தன் பிராமிஸ் வடிவத்தைக் கொண்டுவந்த ஜேக்வெரி நிரலகத்தின் 1.5 பதிப்புதான் என்று வாதிடலாம். பயனர் எண்ணிக்கையில் அது சரி. ஆனால் 'தென்' என்ற அழைப்பு ஒவ்வொரு முறையும் புதிய பிராமிஸைத் தர வேண்டும், அதற்குள் எழும் பிழை அடுத்த கண்ணிக்குப் போக வேண்டும் என்று க்யூ காத்த இரு விதிகள் அதில் இல்லை. இவை இல்லாவிட்டால் பிராமிஸ் என்பது கால்பேக்குகளைப் போட்டுவைக்கும் பெட்டி, அவ்வளவுதான். நிரலாளர் டொமெனிக் டெனிக்கோலா 2012இல் எழுப்பிய கண்டனத்தின் சாரம் இதுவே. அந்த ஆண்டின் இறுதியில் வந்த பிராமிசஸ்/ஏ+ விதித்தொகுப்பு இரண்டையும் கட்டாயமாக்கியது. ஜேக்வெரி அவற்றுக்கு முழுதாக இணங்கியது 2016இல், 3.0 பதிப்பில்தான்.

சார்புநிலை நிரலாக்கத்தார் வேறொரு பக்கமிருந்து தாக்கினர். பிராமிஸுக்குள் பிராமிஸ் இருந்தால் 'தென்' அதைத் தானாகவே பிரித்துவிடுகிறது; இது கணிதத் தூய்மையைக் கெடுக்கிறது என்றார்கள். குறை உண்மையானதே. எனினும் வெவ்வேறு நிரலகங்களின் பிராமிஸ்கள் ஒன்றோடொன்று பேச முடிந்ததற்கு இந்தப் பிரித்தல்தான் காரணம். 2013இல் வந்த ப்ளூபேர்ட் என்ற பிராமிஸ் நிரலகம் வேகத்தில் க்யூவை மிஞ்சியபோது, பலரால் பெரிய சிரமமின்றி அதற்கு மாற முடிந்தது. க்யூவின் நிரல் தோற்ற இடத்தில் அதன் விதிகள் வென்றன எனலாம்.

2015இல் பிராமிஸ் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே சேர்ந்தது. க்யூவின் தேவை குறைந்தது. இருந்தும் தரநிலை எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. பிராமிஸையும் அதைத் தீர்த்துவைக்கும் பிடியையும் தனித்தனியே தரும் க்யூவின் 'டெஃபர்' அப்போது சேர்க்கப்படவில்லை. ஏறத்தாழ அதே ஏற்பாடு, 'வித்ரிசால்வர்ஸ்' என்ற பெயரில் தரநிலையின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றது.