தின் கிளையண்ட் கருவிகளை நிர்வகித்தல்

தின் கிளையண்ட் என்பது தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைத் திரையில் காட்டி, பயனரின் விசைத்தட்டல்களையும் மவுஸ் அசைவுகளையும் அந்தச் சர்வருக்கு அனுப்பும் சிறு கணினி. பெரும்பாலானவற்றில் மின்விசிறியோ சுழலும் வட்டோ கிடையாது. வங்கிக் கவுண்டர்கள், மருத்துவமனை வார்டுகள், கால் சென்டர்கள் போன்ற இடங்களில் இவை அதிகம் புழங்குகின்றன. பயனரின் கோப்புகளும் மென்பொருள்களும் தரவு மையத்தில் இருப்பதால், மேசையில் உள்ள பெட்டி பழுதானால் இன்னொன்றைச் செருகி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரலாம். இதற்குப் புதிய பெட்டி தன் அமைப்புகளை யாரிடம் கேட்டு வாங்குவது என்று தெரிந்துகொண்டே உயிர்பெற வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்வதும் காப்பதுமே தின் கிளையண்ட் நிர்வாகம்.

தோற்றம்

மையக் கணினியோடு இணைந்த எழுத்துத் திரை முனையங்கள்தான் இதன் முன்னோடி. அத்தகைய முனையங்களைச் செய்ய 1981இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட வைஸ் நிறுவனம், 1995இல் வின்டெர்ம் என்ற பெயரில் விண்டோஸ் முனையங்களை வெளியிட்டது. அதே ஆண்டில் சிட்ரிக்ஸ் நிறுவனம், ஒரே விண்டோஸ் என்.டி. சர்வரில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய வழிசெய்த வின்ஃபிரேம் மென்பொருளைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 1998இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்பையும், அதனுடன் ஆர்.டி.பி. நெறிமுறையையும் தந்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் வெளியிட்ட சன் ரே கருவியில் ஸ்மார்ட் கார்டை உருவி வேறொரு மேசையில் செருகினால், பயனரின் திரை அப்படியே அங்கு வந்து நிற்கும். ஒவ்வொரு பயனருக்கும் தனி மெய்நிகர் கணினி தரும் வி.டி.ஐ. முறை 2000களின் பிற்பாதியில் பரவியது. டெல் நிறுவனம் 2012இல் வைஸை வாங்கியது.

புழக்கத்தில் உள்ள கருவிகளை அவற்றில் ஓடும் இயங்குதளத்தை வைத்துப் பிரிப்பதே நிர்வாகிக்கு உதவும். டெல்லின் தின் ஓ.எஸ்., ஜெர்மனியின் ஐஜெல் ஓ.எஸ்., எச்.பி.யின் தின்ப்ரோ ஆகியவை இந்த வேலைக்கென்றே சுருக்கிச் செய்யப்பட்டவை. விண்டோஸ் ஐ.ஓ.டி. எண்டர்பிரைஸ் ஓடும் கருவிகள், சிறிய உடலுக்குள் முழு விண்டோஸ் கணினிகள். டெராடிசி சில்லுகளைக் கொண்ட ஜீரோ கிளையண்டுகளில் வழக்கமான இயங்குதளமே இல்லை. பழைய கணினிகளை நெட்வொர்க் வழியாகத் துவக்கும் எல்.டி.எஸ்.பி. என்ற லினக்ஸ் திட்டம் 1999 முதல் உள்ளது. பணம் குறைந்த பள்ளிகளுக்கு இன்றும் மதிக்கத்தக்க வழி அதுவே.

அமைப்புகள் வந்துசேரும் வழி

புதிய கருவி நெட்வொர்க்கில் இணைந்ததும் டி.எச்.சி.பி. சர்வரிடம் ஐ.பி. முகவரி கேட்கிறது. அந்தப் பதிலிலேயே நிர்வாகச் சர்வரின் முகவரியையும் சேர்த்து அனுப்பிவிடலாம். டெல் வைஸ் கருவிகள் இதற்கு 165ஆம் ஆப்ஷனைப் படிக்கின்றன. எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதற்கான டோக்கன் 199ஆம் ஆப்ஷனில் வருகிறது. இவ்வளவு சரியாக இருந்தால், அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கேபிளைச் செருகுவதற்கு மேல் கிளை அலுவலகத்தில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால், டோக்கனை அறிந்த எவரும் தம் கருவியைப் பதிவுசெய்து நிறுவனத்தின் அமைப்புகளைப் பெற்றுவிட முடியும். எனவே, புதிதாக வரும் கருவியை நிர்வாகி பார்த்து அனுமதித்த பிறகே சேர்க்கும் வசதியை இயக்கி வைப்பது அவசியம்.

தின் ஓ.எஸ்.ஸின் 8ஆம் பதிப்பு வரை வேறொரு முறை பெருவழக்காக இருந்தது. எஃப்.டி.பி. சர்வர் ஒன்றில் ஐ.என்.ஐ. கோப்புகள் இருக்கும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது ஒன்று. பயனர் பெயரிலோ கருவியின் மேக் முகவரியிலோ தனிக் கோப்புகள். கருவி துவங்கும்போது அவற்றைப் படித்து, திரையின் அளவு, இணைய வேண்டிய சர்வர், விசைப்பலகை வகை எல்லாவற்றையும் தனக்குள் பொருத்திக்கொள்ளும். எளிமையான, அழகான முறை. சாதாரண எடிட்டரில் ஒரு வரியை மாற்றிவிட்டு எல்லாரும் ரீபூட் செய்தால் போதும்.

அந்த எளிமைக்குள் இருந்த அபாயம் 2020 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. மருத்துவமனைக் கருவிகளின் பாதுகாப்பை ஆராயும் சைபர் எம்.டி.எக்ஸ். நிறுவனம், தின் ஓ.எஸ். 8.6 வரையிலான பதிப்புகளில் இரண்டு பலவீனங்களை அறிவித்தது. இரண்டுக்கும் தீவிரம் பத்துக்குப் பத்து. பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் கேட்காமல் எஃப்.டி.பி. சர்வர் திறந்தே கிடந்ததால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் யாரும் ஐ.என்.ஐ. கோப்புகளைப் படிக்கலாம், எழுத இடம் இருந்தால் மாற்றவும் செய்யலாம். திரையைத் தொலைவிலிருந்து பார்த்து இயக்க உதவும் வி.என்.சி. வசதியைத் திறக்கும் ஒரு வரியை அதில் சேர்த்துவிட்டால், அடுத்த துவக்கத்தில் அந்தத் திரை அன்னியர் கையில் இருக்கும். டி.என்.எஸ். முகவரியை மாற்றினால் பயனரைப் போலிச் சர்வருக்கும் திருப்பலாம். கருவியில் எதுவும் இல்லை, ஆகவே திருடவும் எதுவும் இல்லை என்ற நம்பிக்கைக்கு இது நேரடி மறுப்பு. காவல் தேவைப்படுவது அமைப்புகள் இருக்கும் சர்வருக்கு. பழைய முறையில் இன்னும் இயங்கும் அலுவலகங்கள் குறைந்தது எச்.டி.டி.பி.எஸ். வழிக்கு மாறி, கோப்புகளைப் படிக்க மட்டுமே இடம் தர வேண்டும். 9ஆம் பதிப்பில் ஐ.என்.ஐ. கோப்புகளுக்குப் பதிலாக வைஸ் மேனேஜ்மென்ட் சூட் வந்துவிட்டது. ஐஜெல் கருவிகளுக்கு யு.எம்.எஸ்., எச்.பி. கருவிகளுக்கு டிவைஸ் மேனேஜர் என அவரவருக்கு ஒரு நிர்வாக மென்பொருள் உண்டு.

இம்மென்பொருள்களில் அமைப்புகள் குழுக்களாக அடுக்கப்படுகின்றன. மேல் குழுவில் நிறுவனம் முழுமைக்குமான விதி, கீழே கிளைக்கான விதி, அதற்கும் கீழே தனிக் கருவிக்கான விலக்கு; கீழே உள்ளதே செல்லும். தனிக் கருவிக்கு விலக்கு கொடுக்கும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்த வேண்டும். மூன்றாம் மாடியில் ஒரு கருவிக்கு மட்டும் பழைய பிரிண்டருக்காக ஒரு விலக்கு வைத்தால், அதை வைத்தவர் வேலையை விட்டுப் போன பிறகு அந்தக் கருவி ஏன் தனியாக நடந்துகொள்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது.

ரீபூட் கட்டளை கொடுத்தும் கருவி அசையவில்லை என்றால் முதலில் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். வைஸ் கருவிகளுக்கு உடனடிக் கட்டளைகள் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி நெறிமுறை வழியே போகின்றன, சொந்தச் சர்வரில் நிறுவியிருந்தால் அதன் வழக்கமான போர்ட் 1883. அது அடைபட்டாலும் கருவி அவ்வப்போது 443ஆம் போர்ட் வழியாகத் தலைகாட்டும். அதனால் நிர்வாகியின் திரையில் எல்லாம் நலமாக இருப்பதுபோல் தோன்றும். கட்டளை மட்டும் தாமதமாகச் சேரும்.

விண்டோஸ் கருவிகளும் ரைட் ஃபில்டரும்

விண்டோஸ் ஓடும் தின் கிளையண்டுகளில் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் என்ற பாதுகாப்பு உண்டு. வட்டில் எழுதப்படுவதெல்லாம் உண்மையில் ஓவர்லே என்ற தற்காலிக இடத்துக்குத் திருப்பப்படுகிறது. ரீபூட் செய்ததும் எல்லாம் அழிந்து கருவி பழைய நிலைக்குத் திரும்பும். பயனர் எதைக் குளறுபடி செய்தாலும் ஒரு ரீபூட்டில் சரியாகிவிடும். ஓவர்லேயின் இயல்பான அளவு 1024 எம்.பி. மட்டுமே. ரீபூட் ஆகாமல் வாரக்கணக்கில் ஓடும் கருவியில் அது நிரம்பிவிட்டால் கருவி திணறும். இரவில் ஒரு முறை தானாக ரீபூட் ஆகும்படி வைப்பது நல்ல வழக்கம்.

இதில் புதியவர்கள் பலர் மாட்டிக்கொள்ளும் ஒரு சிக்கல் உண்டு. டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கணினி 30 நாளுக்கு ஒரு முறை தன் கணக்கின் கடவுச்சொல்லைத் தானே மாற்றிக்கொள்ளும். புதிய கடவுச்சொல் ஆக்டிவ் டைரக்டரியில் பதிவாகிவிடுகிறது. கருவியிலோ அது ஓவர்லேயில்தான் நிற்கிறது. ரீபூட்டில் அது மறைந்து, கருவி பழைய கடவுச்சொல்லோடு வந்து நிற்கிறது. டொமைன் அதை ஏற்பதில்லை. ஒரே நாளில் சேர்த்த கருவிகள் எல்லாம் ஒரு மாதம் கழித்து ஏறக்குறைய ஒரே சமயத்தில் முறிவது இதனால்தான். டொமைன் ரகசியத்தையும் டெர்மினல் சர்வர் உரிமத்தையும் ரீபூட்டுக்குப் பின்னும் காத்துவைக்கும் அமைப்புகள் ஃபில்டரிலேயே உள்ளன. கருவிகளை அனுப்புவதற்கு முன்பே அவற்றை இயக்கிவிட வேண்டும்.

கடிகாரம்

கருவிக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வந்ததும் தேதி சில ஆண்டுகள் பின்னே போய்விடும். அப்போது சர்வரின் சான்றிதழைப் பார்க்கும் கருவி, அது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று கருதி இணைப்பை மறுக்கும். திரையில் வருவது சான்றிதழ் பற்றிய பிழைச் செய்தி என்பதால் எல்லாரும் சான்றிதழைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். டொமைன் பயன்படுத்தும் கெர்பரோஸ் அடையாளச் சோதனையும் கடிகாரத்தில் ஐந்து நிமிட வேறுபாட்டையே இயல்பாகப் பொறுக்கும். டி.எச்.சி.பி.யின் 42ஆம் ஆப்ஷனில் நேரச் சர்வரின் முகவரியைக் கொடுப்பதும், அதைக் கருவி உண்மையில் பின்பற்றுகிறதா என்று சோதிப்பதும் சின்ன வேலைகள். மிச்சமாகும் நேரமோ பெரிது.

இணைப்பும் நெறிமுறைகளும்

ஆர்.டி.பி. 3389ஆம் போர்ட்டையும், சிட்ரிக்ஸ் 1494, 2598 ஆகியவற்றையும், பி.சி.ஓ.ஐ.பி. 4172ஐயும் பயன்படுத்துகின்றன. விஎம்வேர் உருவாக்கிய பிளாஸ்ட், டெஸ்க்டாப்பை நேரடியாக அணுக 22443ஐ எடுத்துக்கொள்கிறது. பல நெறிமுறைகள் யு.டி.பி.யையும் பயன்படுத்துவதால், டி.சி.பி.யை மட்டும் திறந்துவிட்டு நிறுத்தினால் இணைப்பு கிடைக்கும், ஆனால் படம் தள்ளாடும். அலைவரிசையின் அளவைவிட, ஒரு விசைத்தட்டல் போய்த் திரும்பும் நேரமே பயனருக்கு முதலில் உறைக்கும்.

வீடியோ அழைப்புகள் தனிக் கவனம் கேட்பவை. டீம்ஸ், ஜூம் போன்றவற்றின் படமும் குரலும் சர்வருக்குப் போய்ச் சுற்றிவந்தால் சர்வர் மூச்சுத் திணறும். அதைத் தவிர்க்க, அழைப்பின் ஊடகப் பகுதியைக் கருவியே நேரடியாகக் கையாளும் ஏற்பாடு உள்ளது. அதற்கு டெஸ்க்டாப்பில் உள்ள மென்பொருளும் கருவியில் உள்ள இணைப்பு மென்பொருளும் பொருந்தும் பதிப்புகளாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. அழைப்பு மெதுவாகக் கெடும்.

தமிழில் தட்டச்சு செய்யும் அலுவலகங்களுக்கு ஒரு குறிப்பு. தமிழ்99 விசைப்பலகையை ஏற்படுத்தித் தரும் மென்பொருளும் எழுத்துருக்களும் மெய்நிகர் டெஸ்க்டாப்பின் இமேஜில்தான் இருக்க வேண்டும். கருவியில் சாதாரண ஆங்கில விசைப்பலகையை விட்டுவைப்பதே நல்லது. இரண்டு இடத்திலும் மொழியை மாற்றினால் ஒரு விசைக்கு வேறொரு எழுத்து வரும்.

புதுப்பித்தலும் கழித்தலும்

ஃபர்ம்வேரை முதலில் நிர்வாகியின் மேசையிலும், பிறகு ஒரு சிறு கிளையிலும், கடைசியாக மற்ற இடங்களிலும் ஏற்ற வேண்டும். தின் ஓ.எஸ். 8இலிருந்து 9க்கு மாறுவது வழக்கமான அப்டேட் அன்று. பழைய அமைப்புகள் போய்விடும் என்று எண்ணித் திட்டமிட வேண்டும். ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கருவி மீளாமலும் போகலாம். தொழிற்சாலையில் வைத்த பயாஸ் கடவுச்சொல் பொதுவில் கிடைக்கும் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். அதை மாற்றாமல் எந்தக் கருவியையும் கவுண்டரில் வைக்கலாகாது. கழித்துக்கட்டும்போதும் ஒரு வேலை உண்டு. வைஃபை கடவுச்சொல்லும் நெட்வொர்க் சான்றிதழும் கருவிக்குள் தங்கியிருக்கலாம். ஆகவே, தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, நிர்வாகச் சர்வரிலிருந்தும் பதிவை நீக்கிய பிறகே வெளியே கொடுக்க வேண்டும்.

சன் நிறுவனத்தை 2010இல் வாங்கிய ஆரக்கிள், 2013இல் சன் ரே வளர்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் பல அலுவலகங்களில் அனாதைகளாயின. ஆகவே, தின் கிளையண்ட் வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன், ஃபர்ம்வேருக்கு எத்தனை ஆண்டு ஆதரவு என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.