ஆராய்ச்சிப் பொருளும் நயினாதீவுச் சாசனமும்

வரலாற்றாராய்ச்சியிற் புகும் மாணவர் முதன்முதல் எடுத்துக்கொள்ளும் பொருள் பெரும்பாலும் எல்லையற்றதாயிருத்தலைக் காணலாம். ‘யாழ்ப்பாண அரசின் தோற்றமும் வளர்ச்சியும்’, ‘ஈழத்துத் தமிழர் வாணிகம்’ என்றாற்போன்ற தலையங்கங்கள் செவிக்கு இனியன. ஆயின், அவற்றை எழுதப் புகுந்தோர் இரண்டொரு மாதத்தில் முன்னோர் நூல்களைப் பார்த்தெழுதுவோராய் அமைந்துவிடுகின்றனர். அவர்பாலுள்ள குறை ஊக்கமின்மையன்று. விடைகாணத்தக்க வினாவொன்று கையில் இல்லாமையேயாம்.

அத்தகைய வினா எங்ஙனம் பிறக்கும் என்பதற்கு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்ச் சாசனம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். பொலநறுவையிலிருந்து அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை இது. கா. இந்திரபாலா 1963ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறையில், அஃதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேசிகளுக்குப் பாதுகாப்பளித்தலும், கெட்டுப்போன மரக்கலங்களின் பொருளைப் பங்கிடும் முறையும் இதிற் கூறப்படுகின்றன. யானையும் குதிரையும் கொண்டுவந்த கலமாயின் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்றும் உடையவனுக்கு. பிற பண்டங்கள் கொண்டுவந்த கலமாயின் இரு பாலார்க்கும் சரிபாதி.

இவ்விடத்தில் மாணவன் சற்றே தயங்குதல் வேண்டும். பண்டுதொட்டு யானைகளைப் பிறநாடுகளுக்கு அனுப்பிப் பெயர்பெற்றது இலங்கை. அந்நாட்டுத் துறைக்குக் கப்பலில் யானை வருவானேன்? வினா சிறிது, ஆனால் அது மாணவனைச் சூளவம்சத்தின் 76ஆம் அதிகாரத்துக்கு இட்டுச்செல்லும். இராமஞ்ஞம் எனப்பட்ட பர்மிய நாட்டின் அரசன் யானை விற்பனையைத் தடுத்தமையும் விலையை உயர்த்தியமையும், பராக்கிரமபாகு ஏறத்தாழ 1165இல் அந்நாட்டின்மீது படையனுப்பியதற்குரிய காரணங்களுள் அங்கே சொல்லப்படுகின்றன. ஆகவே வெளிநாட்டிலிருந்தும் யானை வாங்கப்பட்டமை தெளிவு. ஆயினும் அவ்யானைகள் ஊராத்துறையில் இறங்கின என்று சூளவம்சம் கூறவில்லை. அது அரசன் புகழ் பாடும் நூலென்பதும் மறக்கற்பாலதன்று. படைக்கு வேண்டிய விலங்குகளைக் கொணரும் வணிகரை ஊக்குவிக்கவே அரசன் தன் பங்கைக் குறைத்தான் எனலாம். அது பொருத்தமான ஊகம், சாசனத்தின் கூற்றன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதக் கற்பதே ஆராய்ச்சிப் பயிற்சியிற் பெரும்பகுதி. எழுத்து வரிவடிவங்களையும் கிரந்தத்தையும் பாளியையும் பின்னர்ப் படிப்படியாகக் கற்றுக்கொள்ளலாம்.

யாழ்ப்பாண வைபவமாலை ஒல்லாந்தர் காலத்தில் எழுந்தது; பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு அதனைச் சான்றாக்குவோர் சுவாமி ஞானப்பிரகாசரின் யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தை (1928) முதலிற் படித்தல் நலம்.

மற்றொரு வினா இதனினும் கடியது. சிங்கள மன்னன் ஆணை தமிழில் எழுதப்பட்டது ஏன்? இதனைக் கண்டவுடன் அக்காலக் குடிகள் அனைவரும் தமிழரே என நிறுவிவிட விரைவாரும் உளர். கல்லையே காணாதார்போல் எழுதுவாரும் உளர். துறையில் நடமாடிய வணிகருக்கும் அதிகாரிகளுக்கும் தமிழ் விளங்கிற்று என்பதுவரை இக்கல் ஐயமின்றிச் சான்று பகரும். அதற்கப்பாற் செல்ல விரும்புவோன், பொலநறுவைக் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் பிறவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவை யாரை நோக்கி எழுதப்பட்டன என்று பார்த்துவர வேண்டும். ஒரு மாணவன் ஈராண்டு உழைப்பதற்கு அப்பொருள் போதும்.