ஸ்மார்ட்போன் நிறுவனங்களும் அலைபேசிச் சேவை நிறுவனங்களும்: முதலீட்டாளர் பார்வையில் ஒரு போட்டி

ஸ்மார்ட்போன் தயாரிக்கும் நிறுவனங்களும் அலைபேசிச் சேவை தரும் நிறுவனங்களும் ஒரே வாடிக்கையாளரை நம்பித்தான் தொழில் நடத்துகின்றன. ஒன்று இல்லாமல் மற்றொன்றுக்கு வியாபாரம் இல்லை. ஆனாலும், 2007-இல் ஐபோன் கடைக்கு வந்ததிலிருந்து, வாடிக்கையாளர் தரும் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதில் இரு தரப்புக்கும் இழுபறி ஓயவில்லை. பங்குகளில் பணம் போட்டவர்களுக்கு இந்த இழுபறியைப் புரியவைக்கும் கேள்வி ஒன்று உண்டு: கைப்பேசியின் விலையை யார் தருகிறார்கள்? அமெரிக்காவில் இதற்கான விடை சில முறை மாறியது. மாறியபோதெல்லாம் பங்குச் சந்தையில் லாபம் பார்த்தவர்களும் மாறினார்கள். இந்தியாவில் விடை தொடக்கத்திலிருந்தே பெரும்பாலும் ஒன்றுதான். போனின் விலையை வாங்குபவரே தருகிறார்.

இரு தொழில்களின் கணக்கு

சேவை நிறுவனத்துக்கு முதலில் வருவது செலவு. அலைக்கற்றையை ஏலத்தில் எடுக்க வேண்டும், கோபுரங்கள் அமைக்க வேண்டும், கண்ணாடி இழைக் கேபிள் பதிக்க வேண்டும். 2021-இல் முடிந்த அமெரிக்காவின் ‘சி-பேண்ட்’ ஏலத்தில் மட்டும் 8,100 கோடி டாலருக்கு மேல் கேட்கப்பட்டது. அதில் வெரைசான் 4,500 கோடி டாலருக்கு மேலும், ஏடி அண்ட் டி 2,300 கோடி டாலருக்கு மேலும் ஒப்புக்கொண்டன. இவ்வளவு கடனைத் தாங்க வைப்பது மாதாமாதம் தவறாமல் வரும் கட்டணம். அமெரிக்காவில் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களில் மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் பேர்தான் வேறு நிறுவனத்துக்கு மாறுகிறார்கள். இதனால்தான் நிலையான ஈவுத்தொகை வேண்டும் என்பவர்கள் இந்தப் பங்குகளை வாங்குகிறார்கள்.

தயாரிப்பாளரின் கணக்கு வேறு. சொந்தத் தொழிற்சாலைகூடத் தேவையில்லை. ஆப்பிளின் போன்களைப் பூட்டித் தருவது ஃபாக்ஸ்கான் போன்ற ஒப்பந்த நிறுவனங்கள். கடன் சுமை குறைவு, லாபம் வந்தால் அள்ளிக்கொண்டு வரும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாடலுக்கு வாடிக்கையாளரை மறுபடி சம்மதிக்க வைத்தாக வேண்டும். இரண்டு மாடல்கள் அடுத்தடுத்துப் பிசகினால் நிறுவனமே ஆட்டம் காணும்.

ஐபோன் ஒப்பந்தம்

2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபோனை அமெரிக்காவில் ஏடி அண்ட் டியின் இரண்டாண்டு ஒப்பந்தத்தோடுதான் வாங்க முடிந்தது. 4 ஜிபி மாடல் 499 டாலர், 8 ஜிபி மாடல் 599 டாலர். இந்த விலை போதாதென்று வாடிக்கையாளரின் மாதக் கட்டணத்திலும் ஆப்பிளுக்கு ஒரு பங்கு போனது. போனில் என்ன மென்பொருள் இருக்க வேண்டும், யாருடைய சின்னம் இருக்க வேண்டும் என்று அதுவரை தயாரிப்பாளர்களுக்கு உத்தரவு போட்டுவந்தவை சேவை நிறுவனங்கள். ஐபோனில் ஏடி அண்ட் டியின் சின்னம் பொறிக்கப்படவே இல்லை.

2008-இல் ஐபோன் 3ஜி வந்தபோது ஏற்பாடு மாறியது. மாதக் கட்டணப் பங்கு நின்றது. அதற்குப் பதில் போனின் விலையில் பெரும்பகுதியை ஏடி அண்ட் டி தானே ஏற்று, வாடிக்கையாளருக்கு 199 டாலருக்குக் கொடுத்தது. இதனால் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பங்கு ஒன்றுக்கு 10 முதல் 12 சென்ட் வரை லாபம் குறையும் என்று நிறுவனமே முன்கூட்டி அறிவித்தது. கைமாறாகக் கிடைத்தவை இரண்டாண்டு ஒப்பந்தமும், 20 டாலரிலிருந்து 30 டாலராக உயர்ந்த மாத டேட்டா கட்டணமும்.

இந்த மானிய முறையால் யாருக்கு ஆதாயம் என்பதை 2011-இன் கடைசிக் காலாண்டு காட்டியது. ஒப்பந்தம் இல்லாமல் வாங்கினால் 649 டாலர் ஆன ஐபோன் 4எஸ், ஒப்பந்தத்தோடு 199 டாலருக்குக் கிடைத்தது. ஏடி அண்ட் டி அந்தக் காலாண்டில் 76 லட்சம் ஐபோன்களை வாடிக்கையாளர்களிடம் சேர்த்தது. விற்பனை கூடக் கூட மானியச் செலவும் கூடி, அதன் அலைபேசிப் பிரிவின் லாப விகிதம் 30 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது. அதே மூன்று மாதங்களில் உலகம் முழுவதும் 3.7 கோடி ஐபோன்களை விற்ற ஆப்பிளின் நிகர லாபம் 1,300 கோடி டாலரைத் தாண்டியது.

இருந்தும் ஐபோன் இல்லாமல் கடை நடத்த எந்தச் சேவை நிறுவனமும் துணியவில்லை. வெரைசான் 2011 பிப்ரவரியில் அதை விற்கத் தொடங்கியது. மூன்றாம் இடத்தில் தடுமாறிக்கொண்டிருந்த ஸ்பிரின்ட், நான்கு ஆண்டுகளில் 1,550 கோடி டாலர் அளவுக்கு ஐபோன்களை வாங்குவதாக ஆப்பிளிடம் உறுதி கொடுத்தே அந்த வரிசையில் சேர்ந்தது. 2013-இல் அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் வசம் போயின.

சேவை நிறுவனங்களை நம்பிய தயாரிப்பாளர்கள்

ஐபோன் கையில் இல்லாத நான்கு ஆண்டுகளும் வெரைசான் சும்மா இருக்கவில்லை. 2008 நவம்பரில் பிளாக்பெரி ஸ்டார்ம், 2009 நவம்பரில் மோட்டரோலா டிராய்ட் என ஐபோனுக்கு எதிராக ஒவ்வொரு போனாகக் களமிறக்கியது. ஸ்டார்ம் வந்த வேகத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டது. டிராய்ட் ஓடியது, நொடித்துக் கிடந்த மோட்டரோலாவுக்கு உயிர் வந்தது. ஆனால் வெரைசானுக்கே ஐபோன் கிடைத்த பிறகு அந்த ஆதரவு பழைய வேகத்தில் இல்லை. தனி நிறுவனமாகப் பிரிந்த மோட்டரோலா மொபிலிட்டியை கூகுள் 1,250 கோடி டாலருக்கு வாங்கியது. காப்புரிமைகளில் பெரும்பாலானவற்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, 2014-இல் கைப்பேசித் தொழிலை லெனோவோவுக்கு 291 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது.

பிளாக்பெரியைத் தயாரித்த கனடாவின் ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்துக்கு இன்னொரு வகைச் சார்பு இருந்தது. ஒவ்வொரு பிளாக்பெரி பயனாளருக்கும் சேவை நிறுவனங்கள் அதற்கு மாதந்தோறும் ஒரு கட்டணம் செலுத்தின. போன் விற்பனையைவிட இந்த வருமானத்தில் லாபம் அதிகம். முதலீட்டாளர்கள் இதை அசையாச் சொத்துபோல மதித்தார்கள். 2008-இல் பங்கு விலை 140 டாலரைத் தாண்டியது. ஐபோனும் ஆண்ட்ராய்டும் பரவியபின் சேவை நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி நெருக்கின. 2012-இல் பங்கு 10 டாலருக்குக் கீழே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, பெயரை பிளாக்பெரி என்றே மாற்றிக்கொண்ட நிறுவனம், விற்காமல் தேங்கிய சரக்குக்காக 93 கோடி டாலரை நட்டமாக எழுதியது.

நோக்கியாவின் வீழ்ச்சி தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தெரியும். 2007-இல் உலகில் விற்ற கைப்பேசிகளில் ஐந்தில் இரண்டு அதனுடையவை. 2013-இல் தன் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டது. வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் அது மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். கைப்பேசிப் பிரிவை வாங்கிய மைக்ரோசாஃப்டுக்கும் அது நிலைக்கவில்லை. 2015-இல் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. எல்ஜி, ஆறு ஆண்டுகளில் சுமார் 450 கோடி டாலர் இழந்தபின், 2021-இல் கைப்பேசித் தொழிலையே கைவிட்டது.

மானியத்திலிருந்து தவணைக்கு

2011 மார்ச்சில் போட்டிச் சேவை நிறுவனமான டி-மொபைலை 3,900 கோடி டாலருக்கு வாங்க ஏடி அண்ட் டி முன்வந்தது. அமெரிக்க நீதித் துறை வழக்குத் தொடுத்ததால் அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஒப்பந்தப்படி ஏடி அண்ட் டி 300 கோடி டாலர் ரொக்கத்தையும் அலைக்கற்றையையும் டி-மொபைலுக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. தன்னை விழுங்க வந்த நிறுவனமே கொடுத்த முதலோடு, ஜான் லெஜர் தலைமையில் டி-மொபைல் 2013 மார்ச்சில் இரண்டாண்டு ஒப்பந்தத்தை ஒழித்தது. சேவைக்குத் தனிக் கட்டணம். போன் வேண்டுமானால் முழு விலை, மாதத் தவணையில்.

மற்ற நிறுவனங்களும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இதே வழிக்கு வந்தன. முதலீட்டாளருக்கு இதில் ஒரு கணக்கியல் சிக்கல். தவணையில் விற்ற போனின் விலை விற்ற அன்றே வருவாயில் சேர்ந்தது. மாதச் சேவை வருவாயோ குறைந்தது. சேவை வருவாயை மட்டும் பார்த்தவருக்கு நிறுவனம் தேய்வதுபோலத் தெரியும், லாபத்தை மட்டும் பார்த்தவருக்கு வளர்வதுபோலத் தெரியும். வசூலாக வேண்டிய தவணைகளைப் பத்திரங்களாக்கி விற்கும் வேலையும் தொடங்கியது.

பாதிப்பு தயாரிப்பாளரையும் தொட்டது. போனின் உண்மை விலை கண்ணுக்குத் தெரிந்ததும் மக்கள் பழைய போனையே நீண்ட நாள் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். 2015 நிதியாண்டில் 23.1 கோடியாக இருந்த ஐபோன் விற்பனை அடுத்த ஆண்டு 21.2 கோடியாகக் குறைந்தது. ஆப்பிள் விலையை ஏற்றிப் பதில் சொன்னது. 2017-இல் வந்த ஐபோன் டென்னின் தொடக்க விலை 999 டாலர். எத்தனை போன் விற்றோம் என்ற எண்ணிக்கையை வெளியிடுவதை 2018 இறுதியில் நிறுத்தியது. ஆப் ஸ்டோர், ஐகிளவுட், கூகுள் தேடலுக்காகக் கிடைக்கும் தொகை ஆகியவை அடங்கிய சேவைப் பிரிவின் பக்கம் முதலீட்டாளர்களின் பார்வையைத் திருப்பியது. 2024 நிதியாண்டில் ஐபோன் விற்பனை 20,100 கோடி டாலர், சேவைப் பிரிவு 9,600 கோடி டாலர். மொத்த லாப விகிதம் சேவைப் பிரிவில் 70 சதவீதத்துக்கு மேல், பொருள்களில் 40 சதவீதத்துக்கும் கீழ்.

5ஜி வந்தபோது மானியம் வேறு வேடத்தில் திரும்பியது. 2020-இல் ஐபோன் 12-க்கு ஏடி அண்ட் டி 800 டாலர் வரை தள்ளுபடி தந்தது. பழைய போனைக் கொடுக்க வேண்டும். தள்ளுபடி மாதாமாதம் பில்லில் கழியும். இடையில் விலகினால் மீதி கிடைக்காது.

ஒரே முதலீட்டாளர், இரண்டு பக்கமும்

வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்தவே இந்தப் போட்டியின் இரு பக்கங்களிலும் பணம் போட்டது. ஆப்பிள் பங்குகளை 2016 முதல் வாங்கி 90 கோடிக்கு மேல் சேர்த்தது. 2021 தொடக்கத்தில் வெரைசானில் 860 கோடி டாலர் அளவுக்குப் பங்குகள் வைத்திருப்பதாக வெளியிட்டது. ஓராண்டு கடந்ததும் அவற்றில் ஏறத்தாழ எல்லாவற்றையும் விற்றுவிட்டது. பெர்க்‌ஷயர் வாங்கியது வெளியானபோது 50 டாலருக்கு மேல் இருந்த வெரைசான் பங்கு, 2023 அக்டோபரில் 32 டாலருக்கும் கீழே போனது. ஏடி அண்ட் டி 2022-இல் தன் ஈவுத்தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. டைம் வார்னர் போன்ற ஊடக நிறுவனங்களை வாங்கிச் சேர்த்த கடனும், பின்னர் அவற்றைப் பிரித்துவிட்டதும் இதன் பின்னணி.

சேவை நிறுவனப் பங்கு என்றாலே தேக்கம்தான் என்ற முடிவுக்கு டி-மொபைல் இடம் தரவில்லை. 2013-இல் 20 டாலருக்குள் இருந்த அதன் பங்கு, 2020 ஏப்ரலில் ஸ்பிரின்ட்டையும் இணைத்துக்கொண்டபின், 2024-இல் 200 டாலரைக் கடந்தது.

இந்தியா: போனும் சிம்மும் தனித்தனி

இந்தியாவில் ப்ரீபெய்டுதான் பெருவழக்கம். போனை ஒரு கடையில் முழு விலைக்கு வாங்குவார்கள், சிம் கார்டை இன்னொரு கடையில் வாங்குவார்கள். தயாரிப்பாளர்கள் விலையில் மோதிக்கொண்டார்கள். மைக்ரோமேக்ஸை ஓரங்கட்டிய ஷாவ்மி, 2018-இல் ஹாங்காங் சந்தையில் பட்டியலிடப்படுவதற்கு முன்பு, வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று தானே உறுதியளித்தது.

சேவைப் பக்கத்தில் 2016 செப்டம்பரில் ஜியோ இலவச அழைப்போடு வந்து சந்தையைக் கலைத்துப் போட்டது. தமிழ்நாட்டில் தொடங்கி வளர்ந்த ஏர்செல் 2018-இல் திவால் நடைமுறைக்குப் போனது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் விழுந்தது. இணைந்தும் மீளாத வோடஃபோன் ஐடியா, உரிமக் கட்டணப் பாக்கி குறித்த 2019 அக்டோபர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், ஒரே காலாண்டில் 50,900 கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் காட்டியது. அதன் மிகப் பெரிய பங்குதாரராக இன்று மத்திய அரசே இருக்கிறது.

போட்டியாளர்கள் குறைந்ததும் கட்டணம் ஏறியது. ‘ஏஆர்பியு’ என்று சந்தையில் சொல்லப்படும், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் சராசரி மாத வருவாய், 2024 செப்டம்பர் காலாண்டில் ஏர்டெல்லுக்கு 233 ரூபாய், ஜியோவுக்கு 195 ரூபாய். இலங்கையிலும் இதே போக்குதான். 2024-இல் ஏர்டெல் லங்காவை டயலாக் வாங்கியதோடு அங்கே நான்கு நிறுவனங்கள் மூன்றாயின.

புதிய முனைகள்

2022-இல் அமெரிக்காவில் விற்ற ஐபோன் 14-இல் சிம் அட்டைக்கான துளையே இல்லை. அட்டைக்குப் பதிலாக வந்த மின்சிம் (eSIM) வழியாகச் சேவையை மாற்றுவது போனின் திரையிலேயே முடிகிற வேலை. இதனால் வாடிக்கையாளர் விலகல் கூடுமா என்று சேவை நிறுவனப் பங்குதாரர்கள் காலாண்டுக்குக் காலாண்டு பார்த்துவருகிறார்கள். கோபுர எல்லைக்கு வெளியே அவசரச் செய்தி அனுப்ப, ஆப்பிள் குளோபல்ஸ்டார் செயற்கைக்கோள்களில் நேரடியாக முதலிட்டிருக்கிறது. டி-மொபைல்–ஸ்பிரின்ட் இணைப்புக்குப் பின் நான்காவது நிறுவனமாக எழ வேண்டியிருந்த எக்கோஸ்டார், 2025-இல் தன் அலைக்கற்றையின் ஒரு பகுதியை ஏடி அண்ட் டிக்கு 2,300 கோடி டாலருக்கும், மற்றொரு பகுதியை ஸ்டார்லிங்க் நடத்தும் ஸ்பேஸ்எக்ஸுக்கு 1,700 கோடி டாலருக்கும் விற்க ஒப்புக்கொண்டது.