இன்டர்மீடியட் முதல் பிளஸ் டூ வரை: செங்கல்பட்டு வட்டாரத்தில் கல்லூரி நுழைவுப் படிப்பு

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது, கல்லூரிக்குள் நுழைய மெட்ரிகுலேஷன் தேற வேண்டியிருந்தது. அதன்பின் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. (ஃபர்ஸ்ட் ஆர்ட்ஸ்) தேர்வு எழுதிய பிறகே பி.ஏ. வகுப்பு. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளியிறுதிக்கு எஸ்.எஸ்.எல்.சி.யும், எஃப்.ஏ.வுக்கு மாற்றாக ஈராண்டு இன்டர்மீடியட்டும் வந்தன.

செங்கல்பட்டு நகரில் ஸ்காட்லாந்து மிஷன் பள்ளி முன்னரே இருந்தது. பள்ளியிறுதி வரை உள்ளூரில் படித்தவர்களும் இன்டர்மீடியட்டுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தபின் இத்தொலைவு குறைந்தது. ஆனால் அந்த வசதி ரயில் பாதையை ஒட்டிய ஊர்களுக்கே கிட்டியது. ரயில் இல்லாத மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு என்றால் விடுதிச் செலவும் சேர்ந்தே வந்தது.

1956இல் இன்டர்மீடியட்டுக்குப் பதில் ஓராண்டு பி.யு.சி. (புகுமுக வகுப்பு) அறிமுகமானது, பட்டப்படிப்பு மூன்றாண்டாயிற்று. பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள், பி.யு.சி.யில் ஆங்கில விரிவுரைகளைப் பின்தொடரத் திணறினர். 1965இல் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் அதற்கான வழி பி.யு.சி.யைக் கடந்தே சென்றது.

கோத்தாரி கல்விக் குழு 1966இல் பரிந்துரைத்த 10+2 முறையைத் தமிழகம் 1978இல் நடைமுறைப்படுத்தியது. பி.யு.சி. கைவிடப்பட்டது, உயர்நிலைப் பள்ளிகள் பல மேல்நிலைப் பள்ளிகளாயின. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. கல்லூரியில் இருந்த படிப்பு பள்ளிக்கு வந்ததால், கடலோர ஊர்களின் மீனவர், சிற்பி குடும்பத்துப் பிள்ளைகளும் ஊரருகே தமிழ்வழியிலேயே ‘குரூப்’ (பாடப்பிரிவு) எடுத்துப் படிக்க முடிந்தது.

பிளஸ் டூ தேர்வில் மொழிப்பாடம், ஆங்கிலம், நான்கு விருப்பப் பாடங்கள், பாடத்துக்கு 200 என மொத்தம் 1200 மதிப்பெண் இருந்தது. தொழிற்கல்விக்கு 1984 முதல் நுழைவுத்தேர்வும் சேர்ந்தது; 2007இல் அது நீங்கியதும் பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே சேர்க்கையைத் தீர்மானித்தது. 2017இல் மருத்துவத்துக்கு நீட் கட்டாயமானது. 2018இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2019 முதல் பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 600. பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025இல் கைவிடப்பட்டது. பொறியியல், கலை அறிவியல் சேர்க்கைக்கு இன்றும் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை.