எல்டே பாறையில் முடிந்த குலம்

அழிந்துபோன உயிரினங்கள் பலவற்றுக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. வட அட்லாண்டிக் கரைகளின் மூத்த குடியான பெரிய ஆக் பறவைக்கோ, ஐஸ்லாந்தின் தென்மேற்கே கடலில் செங்குத்தாக நிற்கும் எல்டே பாறை, 1844 ஜூன் மாதத் தொடக்கம் என்று இடமும் காலமும் எழுதப்பட்டிருக்கின்றன.

முக்கால் மீட்டர் உயரமும் ஐந்து கிலோ எடையும், கருமுதுகும் வெண்வயிறும் கொண்ட அந்தப் பறவை, பறக்க உதவாத குறுஞ்சிறகுகளால் நீருக்குள் துழாவி மீன்பிடித்து, ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடுவதற்காக மட்டும் கரையேறியது. நியூபவுண்ட்லாந்தின் பழைய இடுகாடு ஒன்றில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அடக்கமான ஒருவரோடு 200-க்கும் மேற்பட்ட அதன் அலகுகளும் கிடந்தன என்றால், கரையில் வாழ்ந்தவர்கள் அதை எவ்வளவு மதித்திருக்க வேண்டும். பெருங்கடலைக் கடந்துவந்த மாலுமிகளுக்கு அது தென்பட்டாலே மீன்வளம் மிக்க ஆழமற்ற கடல் நெருங்கிவிட்டது என்று பொருள். 1534-இல் நியூபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபங்க் தீவில் பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்த்தியேயின் ஆட்கள் அரைமணி நேரத்துக்குள் இரண்டு படகுகள் நிறைய அதைப் பிடித்து ஏற்றினார்கள்.

இறைச்சி, முட்டை, எண்ணெய் என்று கேட்டதையெல்லாம் கொடுத்த அந்தப் பறவையிடம், பதினெட்டாம் நூற்றாண்டில் மெத்தைக்கு இறகும் கேட்டார்கள். விறகில்லாத ஃபங்க் தீவில் இறகு பறிப்பதற்கான வெந்நீரைக் காய்ச்ச, கொழுத்த அதன் உடலையே அடுப்பில் இட்டார்கள். ஸ்காட்லாந்தில், ஆர்க்னியின் பாப்பா வெஸ்ட்ரே தீவில் எஞ்சியிருந்த ஒன்று 1813-இல் சுடப்பட்டது. செயின்ட் கில்டாவில் 1840 வாக்கில் பிடிபட்ட ஒன்றை, புயலை வரவழைத்த சூனியக்காரி என்று அஞ்சி அடித்துக் கொன்றார்கள். ஐஸ்லாந்தில் அதன் புகலிடமாக இருந்த பாறை 1830-இல் எரிமலைச் சீற்றத்தில் மூழ்க, தப்பியவை எல்டேயில் ஒதுங்கின. அரிதாகிவிட்டது என்பதாலேயே சேகரிப்பாளர்கள் விலையை ஏற்ற, படகில் வந்தவர்களில் இருவர் கடைசி இணையின் கழுத்தை நெரித்தனர், அடைகாத்த முட்டையும் உடைந்தது.

1858-இல் பறவையியலாளர்கள் ஜான் வூலியும் ஆல்ஃபிரட் நியூட்டனும் அந்தப் பறவையைத் தேடி ஐஸ்லாந்து வந்து, வாரக்கணக்கில் காத்திருந்தும் கடலின் கொந்தளிப்பு தணியாததால் எல்டேயில் காலடி வைக்க முடியாமல், அங்கே போய்வந்தவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த ஆண்டே வூலி மறைந்தார். இனப்பெருக்கக் காலத்தில் பறவைகளைக் கொல்லக் கூடாது என்று நியூட்டன் தொடர்ந்து வாதாட, பிறரும் குரல் கொடுக்க, 1869-இல் பிரிட்டனில் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தனக்கென்று ஒரு குஞ்சையும் விட்டுச்செல்லாத மூத்தவர், ரேசர்பில், கில்லிமாட் என்னும் பங்காளி வீட்டுப் பிள்ளைகளுக்கு வைத்துப்போன சொத்து அது.