கட்டையா, தெருவா?

ஒரகடத்திலிருந்து மேற்கே போனால் வாலாஜாபாத், அதையும் தாண்டினால் காஞ்சிபுரம். இந்தப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இராத்திரி முழுக்கக் கூத்து. ஆடுகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் அது வெறும் 'கூத்து'தான். அடைமொழி வைத்துப் பேசுவது பெரும்பாலும் எழுதுகிறவர்கள் வேலை. அந்த அடைமொழி தெருவா, கட்டையா என்பதுதான் வழக்கு.

கூத்து பழஞ்சொல். தொல்காப்பியம் கூத்தரைச் சொல்கிறது. மலைபடுகடாமுக்கே கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயர் உண்டு. ஆனால் "இதென்ன கூத்து?" என்று நாம் கேட்கிற கேள்வியில் அந்தப் பழம்பெருமை எதுவும் மிச்சமில்லை. அதன் தலையில் 'தெரு'வையும் வைத்தால், தெருச்சண்டை, தெருப்பொறுக்கி என்கிற வரிசையில் அதுவும் போய் நின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, தெருமுனையில் பிரச்சாரத்துக்குப் போடும் வீதி நாடகமும் இதுவும் ஒன்றென்று நினைப்பவர்கள் உண்டு.

1990இல் பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் சேர்ந்து சங்கம் அமைத்தபோது 'கட்டைக்கூத்து' என்ற பெயரைக் கையில் எடுத்தார்கள். இன்று சங்கம் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் இருக்கிறது. கட்டை என்பது கர்ணன், துரியோதனன் போன்ற வேஷங்கள் பூணும் மர அணி: தலைக்குக் கிரீடம், தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம், எல்லாவற்றிலும் கண்ணாடிச் சில்லு. தெருத்தெருவாக ஊர்வலத்தோடு நகர்ந்து ஆடுவதுதான் தெருக்கூத்து, ஒரே களத்தில் விடியவிடிய நடப்பது வேறு என்பது ராஜகோபால், நெதர்லாந்து ஆய்வாளர் ஹன்னே டி புருயின் ஆகியோர் தரப்பு. புரிசை ஊர்க் கூத்துக்காரர்களோ தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையாக வைத்திருக்கிறார்கள். நாடகாசிரியர் ந. முத்துசாமி கூத்தைப் பற்றி எழுதியதும் அந்தப் பெயரில்தான்.

கட்டை என்ற பெயரிலும் ஓட்டை உண்டு. பெண் வேஷத்துக்குக் கட்டை கிடையாது. இராத்திரி முழுக்க ஆட்டத்தைத் தூக்கிச் சுமக்கும் கட்டியங்காரனுக்கும் கிடையாது. ஆனாலும் அது வேஷம் கட்டும் இடத்துக்குள்ளிருந்து வந்த சொல் என்பதால் என் ஓட்டு அதற்கே.

நாடகத்துக்குப் பெயர் வைக்கும் விஷயத்தில் கிரேக்கர்கள் கூச்சமே படவில்லை. 'தியேட்ரான்' என்றால் பார்க்கும் இடம். 'ஸ்கேனே' என்றால் கூடாரம். "ரொம்ப சீன் போடாதே" என்கிறோமே, அந்தச் சீனுக்கு மூலம் அதுதான். 'டிராகோஸ்' ஆடு, 'ஓடே' பாட்டு; இரண்டும் சேர்ந்த 'டிராகோடியா'வே டிராஜெடி. ஆடு பரிசா, பலியா, ஆட்டுத்தோல் வேஷமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இருந்தாலும் ஆட்டுப்பாட்டு என்ற பெயர் கேவலம் என்று ஏதென்ஸில் யாரும் சங்கம் வைக்கவில்லை. வைக்கவேண்டிய தேவை இல்லை: டயோனிசஸ் திருவிழாவில் நகரமே போட்டி நடத்தியது, கோரஸைப் பயிற்றும் செலவு பணக்காரக் குடிமகன் தலையில் விழுந்தது. நம்மூரில் கூத்துக்கு ஊர்வரிதான் வழி.

நடிகன் பெயர் மட்டும் அங்கேயும் கெட்டது. 'ஹிப்போக்ரிடீஸ்' என்றால் நடிகன். பின்னாளில் ஆங்கிலத்தில் அது கபடனைக் குறித்தது. தமிழில் 'வேஷதாரி'க்கும் அதே கதி.

மேடை மரபுகளில் ஒற்றுமை தேடினால் பின்பாட்டு கோரஸை நினைவூட்டும். ஆனால் கோரஸ் களத்தில் ஆடவும் செய்யும். பின்பாட்டுக்காரர் இருந்த இடத்தை விட்டு நகரமாட்டார். சாவு விஷயத்தில் வழியே வேறு. கிரேக்க மேடையில் கொலை பெரும்பாலும் கண்ணுக்கு மறைவில். தூதுவன் வந்து சொல்லுவான். கூத்தில் கர்ணன் நம் கண்ணெதிரே சாகிறான், அதுவும் சட்டென்று சாவதில்லை. சிப்காட் கம்பெனி பஸ் காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வரும் நேரத்திலும் அவன் உயிரைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

டிராஜெடியைத் தமிழில் துன்பியல் என்றோம், அவல நாடகம் என்றோம். கூத்துக்காரர் அகராதியில் இரண்டும் இல்லை. மனைவி பொன்னுருவி பிறப்பைச் சொல்லி இகழ்ந்த கர்ணன், தாயை அறிந்தும் சேரமுடியாமல் போன கர்ணன் சாகும் ஆட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'கர்ணமோட்சம்'. கருமாதிக்கும் அதை வைப்பதுண்டு. செத்தவருக்கு நல்ல கதி வேண்டித்தான் வைக்கிறார்கள். அவலம் என்று பெயரிட்டால் யார் கூப்பிடுவார்கள்?

அந்த ஆட்டத்தின் நோட்டீஸைப் படித்தால் இன்னொரு வேடிக்கை. பல குழுக்கள் தங்கள் பெயருக்குக் கீழே கட்டையும் போடுவதில்லை, தெருவும் போடுவதில்லை. அங்கே அச்சாகியிருப்பது 'நாடக மன்றம்'.